தூக்குக்குண்டும் குட்டியானையும்

மேலநீலிதநல்லூரைச் சுற்றிலும் கரிசலும் செவலுமாக விரிந்து கிடக்கும் மானாவாரிக் காடுகளுக்கும், சங்கரன்கோவிலின் பூச்சந்தைக்கும், புளியங்குடியின் எலுமிச்சைச் சந்தைக்கும் இடையே, விடியுமுன் தொடங்கி இருட்டிய பின்னும் ஓடிக்கொண்டிருக்கும் சிறு சரக்கு வண்டிகளைச் சற்று நின்று கவனிப்பவர்கள், அவற்றுள் பல பத்துப் பதினைந்து வயதைக் கடந்தவை என்பதையும், அந்தப் பழைய வண்டிகளில் பலவற்றின் முன் டயர்கள் நடுவில் பட்டன் குலையாமல் இருக்க ஓர் ஓரம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருப்பதையும் காணத் தவறமாட்டார்கள். வண்டிக்காரரைக் கேட்டால், “இடப்பக்கமா இழுக்கு அண்ணாச்சி, அலைன்மென்ட் பாக்கணும்” என்பார். பார்க்கவேண்டிய நாள் மட்டும் தள்ளிக்கொண்டே போகும். அதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கம்ப்யூட்டர் யந்திரம் வைத்திருக்கும் கடைக்கு வண்டியைக் கொண்டுபோய் முறைக்குக் காத்திருந்தால் அன்றைய வாடகை போயிற்று. போன வாடகையோடு கூலியையும் சேர்த்துப் பார்த்தால், டயர் தேய்கிறபடி தேயட்டும் என்ற முடிவுக்கு ஒரு குடும்பஸ்தன் வருவது இயற்கை. ஆனால் அந்த முடிவு கணக்கில் தவறு என்பதையும், இந்த ஊர்களில் ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலான விஷயங்களைச் சொந்தக்காரரே தம் கையால் அளந்து சரிசெய்துகொள்ள முடியும் என்பதையும், அதற்கு வேண்டிய சாதனங்கள் நம் ஊர்க் கொத்தனாரின் பையிலேயே இருக்கின்றன என்பதையும் இங்கே விவரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

சக்கரங்களின் நிலையை நிர்ணயிக்கும் கோணங்கள் மூன்று. வண்டியை முன்னிருந்து நோக்கும்போது சக்கரத்தின் தலைப்பாகம் வெளியேயோ உள்ளேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கத்திலிருந்து நோக்கும்போது, சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமாக நிற்கும் கிங் பின் பின்புறமாகச் சாய்ந்திருப்பது காஸ்டர். திருப்பத்தில் வளைத்த ஸ்டியரிங்கைக் கை தளர்த்தியவுடன் அது தானே நேர்நிலைக்குத் திரும்பிவருவது பெரும்பாலும் இந்தச் சாய்வின் உபகாரம். மூன்றாவது, மேலிருந்து நோக்கினால் புலப்படுவது: இரு முன்சக்கரங்களும் முன்புறத்தில் ஒன்றையொன்று சற்றே நெருங்கியிருந்தால் டோ இன், விலகியிருந்தால் டோ அவுட். டயரை அகாலத்தில் தின்று தீர்ப்பதில் முதலிடம் இந்த மூன்றாவதற்கே.

எவ்வளவு தின்னும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சிறு சரக்கு வண்டியின் டயர் சுமார் 54 சென்டிமீட்டர் விட்டமுள்ளது என்று கொள்வோம். இரு சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கிடையே உள்ள தூரம் பின்விளிம்புகளுக்கிடையே உள்ள தூரத்தைவிட 6 மில்லிமீட்டர் குறைந்திருந்தால், ஒவ்வொரு சக்கரமும் 54 சென்டிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் வீதம் உட்புறம் நோக்கி நிற்கிறது. அதாவது வண்டி ஒரு கிலோமீட்டர் நேராக ஓடுகையில், அந்தச் சக்கரம் தான் நோக்கிய திசையில் போக முடியாமல், ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. நூறு கிலோமீட்டருக்கு அரைக் கிலோமீட்டருக்கும் மேல். ரப்பர் வளைந்து கொடுக்கும் வஸ்துவாதலால் இந்த இழுபடல் முழுவதும் உரசலாக மாறிவிடுவதில்லை என்றாலும், மாறுகின்ற பங்கே டயரின் ஆயுளைப் பெருமளவு குறைத்துவிடப் போதுமானது. அதே உரசலை வெல்வதற்காக எஞ்சின் குடிக்கும் டீசலும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே. வெறும் கண்ணால் பார்த்தால் 6 மில்லிமீட்டர் தெரியாது. வண்டியின் முன்னால் நின்று குனிந்து நோக்கி, “சக்கரம் நேராத்தான் இருக்கு” என்று சத்தியம் செய்கிறவரும் உண்மையையே சொல்கிறார்; கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் சேதம் நடந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் இரு சக்கரங்களையும் மிகச்சரியாக இணையாக நிறுத்திவிடலாமே என்று கேட்கத் தோன்றும். பின்சக்கரங்களின் உந்துதலால் செல்லும் வண்டியில், தரையின் தடை முன்சக்கரங்களைப் பின்னோக்கி இழுப்பதால், இணைப்புகளில் உள்ள சிறுசிறு தளர்ச்சிகளெல்லாம் ஒரே திசையில் ஒதுங்கி, சக்கரங்களின் முன்புறம் வெளிப்பக்கமாக விலகப் பார்க்கிறது. ஆகவே நிற்கும் நிலையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்நோக்கி வைத்துவிட்டால், ஓடும் நிலையில் அவை இணையாகிவிடும். பழைய வில்லிஸ் ஜீப்புக்குச் சொல்லப்பட்ட அளவு ஏறக்குறைய 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை. ஒவ்வொரு வண்டிக்கும் அதனதன் கையேட்டில் அளவு குறிக்கப்பட்டிருக்கும், அதுவே பிரமாணம்.

மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அதன் இரு சக்கரங்களும் ஒரே அச்சின் இரு முனைகளில் தனித்தனியே சுழல்பவை. திருப்புகிற வேலை மாடுகளுடையது. நான்கு சக்கர வண்டி வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. தொடக்கத்தில் முன்அச்சு முழுவதையும் நடுவில் ஓர் ஆணியில் நிறுத்தித் திருப்பினார்கள். வளைவில் வண்டி கவிழும் அபாயம் இருந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான கியோர்க் லாங்கன்ஷ்பெர்கர் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அச்சு அசையாமல் நிற்க, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் மாத்திரம் தனித்தனி முளைகளில் திரும்பும்படியும், இரண்டையும் ஒரு தண்டு இணைக்கும்படியும், வளைவின் உட்புறச் சக்கரம் வெளிப்புறச் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்பும்படியும் ஓர் அமைப்பைக் கண்டார். அவருடைய பிரதிநிதியாக லண்டனில் 1818-ல் அதற்கு உரிமை பதிவு செய்த ருடால்ஃப் ஆக்கர்மன், அச்சுப்படங்களும் புத்தகங்களும் வெளியிட்டுப் புகழ்பெற்ற பதிப்பாளர். உலகம் இன்றுவரை அந்த அமைப்பை அவர் பெயராலேயே அழைத்து வருகிறது. கண்டவர் பெயர் மறைந்து பதிந்தவர் பெயர் நிலைத்தது நியாயமன்று என்றே எனக்குப் படுகிறது. அது நிற்க, அன்று இரு சக்கரங்களையும் இணைத்த அந்தத் தண்டுதான் இன்று நம் மெக்கானிக்குகள் ‘டை ராடு’ என்று சொல்வது. அதன் நீளத்தை மாற்றினால் டோ மாறும். நாம் செய்யப்போகும் காரியத்தின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

நம் பக்கத்தில் எல்லோரும் ‘குட்டியானை’ என்று அன்போடு அழைக்கும் டாடா ஏஸ் வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கிரீஷ் வாக் என்ற பொறியியலாளரின் தலைமையில் உருவாகி 2005-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த அந்த வண்டி, 702 சி.சி. கொள்ளளவும் இரண்டே சிலிண்டர்களும் 16 குதிரைத்திறனும் கொண்ட சிறு டீசல் எஞ்சினோடு, மூன்று சக்கர வாகனத்துக்கும் பெரிய லாரிக்கும் இடையே நெடுங்காலமாகக் காலியாகக் கிடந்த இடத்தை நிரப்பியது. பூமூட்டை, வெங்காயம், ஆடு, விசைத்தறிக் கூடத்து நூல் பேல், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று அது சுமக்காத பொருள் இந்த வட்டாரத்தில் இல்லை. அதன் முன்பக்கம், இக்காலக் கார்களைப்போல ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பாக இல்லாமல், பெரிய லாரியில் இருப்பதுபோலவே ஒரே இரும்பு அச்சும் அதைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளுமாக அமைந்திருக்கிறது. இந்தப் பழமைதான் நமக்கு அனுகூலம். கேம்பரும் கிங் பின் சாய்வும் அச்சைச் செய்தபோதே அதில் அமைந்துவிட்டவை. அச்சு வளையாமலும் கிங் பின் தேயாமலும் இருக்கும்வரை அவை மாறுவதில்லை. மாறக்கூடியதும் நாம் மாற்றக்கூடியதும் டோ ஒன்றே. பழைய டாடா 407, பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய ஜீப் வகை வண்டிகள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் வண்டியானால், ஒரு கோணத்தைத் தொட்டால் மற்றொன்று மாறும். அத்தகைய வண்டிகளை யந்திரக் கடைக்கு அனுப்பிவிடுவதே விவேகம்.

இனி, முதலில் செய்யவேண்டியது அளப்பது அன்று, சோதிப்பது. தளர்ந்துபோன இணைப்புகளை வைத்துக்கொண்டு டோ அளப்பவர், காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவும் கண்டு குழம்புவார். பிறகு இந்த முறையே பொய் என்று ஊரெல்லாம் சொல்வார். நான்கு டயர்களிலும் காற்று குறிப்பிட்ட அளவில் இருக்கவேண்டும். வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, முன்அச்சை ஜாக்கியால் தூக்கி, அச்சின் அடியில் உறுதியான முட்டு ஒன்றும் வைக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையை நீட்டுவது எக்காரணத்தாலும் கூடாது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்வேன்.

தூக்கிய சக்கரத்தின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் பற்றி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் குற்றம் பேரிங்கிலா கிங் பின்னிலா என்பதை அறிய எளிய உபாயம் உண்டு: ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை அழுத்த, மற்றொருவர் மறுபடி ஆட்டவேண்டும். ஆட்டம் மறைந்தால் பேரிங். நீடித்தால் கிங் பின். பிறகு பக்கவாட்டில் இரு கையாலும் பற்றி ஆட்டினால், டை ராடு எண்டுகளின் தேய்மானம் வெளிப்படும். ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, பட்டைகளின் நடுவில் ஊடுருவி நிற்கும் சென்டர் போல்ட் முறிந்திருக்கிறதா என்பதையும் காண்பது அவசியம். அந்த ஒரு சிறு போல்ட் முறிந்துவிட்டால், பாரம் ஏற்றிய வண்டி ஒரு குழியில் இறங்கிய மாத்திரத்தில் அச்சின் ஒரு முனை பின்னால் நகர்ந்துவிடும். அதன்பின் டை ராடை எவ்வளவு திருகினாலும் வண்டி நேராக ஓடாது.

அச்சு நகர்ந்திருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள, இரு பக்கமும் முன்சக்கரத்தின் நடுமையத்திலிருந்து பின்சக்கரத்தின் நடுமையம் வரை உள்ள தூரத்தை அளந்து ஒப்பிட்டால் போதும். ஏஸ் வண்டிக்கு அது 2,100 மில்லிமீட்டர். இரு பக்கமும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்கவேண்டும். விரல் கனத்துக்கு வித்தியாசம் இருந்தால், அன்றைய வேலை அலைன்மென்ட் அன்று, பட்டறைக்குப் போவது.

டயரும் ஒரு சாட்சி. உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் உள்ளிருந்து வெளியே ஒருமுறையும் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே வழுவழுப்பாகவும், உள்ளிருந்து வெளியே வருகையில் ரம்பத்தின் பல்லைப்போலக் கூர்மையாகவும் தட்டுப்பட்டால் டோ இன் அதிகம். நேர்மாறாக இருந்தால் டோ அவுட். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடு நிற்குமானால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்து ஓரங்கள் நிற்குமானால் காற்று மிகுதி. ஒரு சக்கரத்தில் மட்டும் ஓர் ஓரம், பிசிறு இல்லாமல் சீராகத் தேய்ந்திருந்தால், கேம்பர் கெட்டது என்று கொள்ளலாம், அச்சு வளைந்திருக்கக்கூடும்.

‘இழுக்கு’ என்ற புகாரைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். பலரும் எண்ணுவதுபோல் டோ தவறியதால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது அபூர்வம். இரு சக்கரங்களும் ஒரே தண்டால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஓடும்போது அந்தத் தவறு இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டுவிடுகிறது. இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பக்கக் காற்றுக்குறைவு, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், நகர்ந்த அச்சு, அல்லது டயரே. சற்று ஓட்டிவந்து நிறுத்தி, இரு முன்சக்கரங்களின் நடுப்பாகத்தின் அருகே கையைக் கொண்டுபோனால், பிடித்திருக்கும் பிரேக் தன் வெப்பத்தால் காட்டிக்கொடுத்துவிடும். முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டபின் இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், இடப்பக்கம் செல்லும் வண்டி இலேசாக இடப்பக்கமே ஒதுங்குவது குற்றமே அன்று.

அளப்பதற்கு இடம் வேண்டும். இந்த விஷயத்தில் நகரவாசியைவிடக் கிராமத்தான் பாக்கியவான். தானியம் காயப்போடும் சிமெண்ட் உலர்களம் ஊருக்கு ஒன்றேனும் இருக்கிறது. தானியம் காயாத நாளில் அது காலியாகவே கிடக்கும். தண்ணீர் வடிவதற்காகக் களத்திலும் சிறு சரிவு இருக்கலாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாயால் நான்கு சக்கரங்களும் நிற்கவேண்டிய இடங்களைப் பார்த்து, சமமாக உள்ள பகுதியைத் தேர்ந்துகொள்ளலாம். விடியற்காலை உத்தமம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைக் கணவாய்களின் வழியே வரும் காற்று வெயில் ஏறியபின் தூக்குக்குண்டை ஓர் இடத்தில் நிற்கவிடாது.

முதலில் டயரில் கோடு கிழிக்கவேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கிய நிலையில், டயரின் நடுப்பட்டையில் சுற்றிலும் சாக்கட்டியைத் தேய்த்து வெளுப்பாக்கி, ஒரு மரக்கட்டையில் அடித்த ஆணியின் கூர்முனையை அந்த வெளுப்பைத் தொடும்படி தரையில் அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால், மயிரிழை போன்ற கோடு ஒன்று டயரைச் சுற்றி விழும். இரு சக்கரங்களுக்கும் இவ்வாறு செய்து வண்டியை இறக்குங்கள். இறக்கியவுடன் அளக்கக் கூடாது; தூக்கிய சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ மிதித்து நிற்கும். வண்டியை நியூட்ரலில் வைத்து, இருவர் பின்னிருந்து முன்னோக்கி மூன்று நான்கு மீட்டர் தள்ளினால் அவை தம் இயல்பான நிலைக்கு வந்துவிடும். தள்ளுவது எப்போதும் முன்னோக்கியே. கொஞ்சம் கடந்துவிட்டது என்று பின்னுக்கு இழுத்தால், இணைப்புகளின் தளர்ச்சி மறுபுறம் ஒதுங்கி அளவு பொய்த்துவிடும். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும்.

இனிதான் தூக்குக்குண்டுக்கு வேலை. டயரின் பின்புறத்தில், சக்கர மையத்தின் உயரத்துக்குச் சரியாக, அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அதன் முனை காட்டும் இடத்தில் களத்தின் தரையில் ஒரு சிறு குறி இடவேண்டும். டயரின் முன்புறத்திலும் அதே உயரத்தில் அவ்வாறே. இரு சக்கரங்களுக்குமாகத் தரையில் நான்கு குறிகள் கிடைக்கும். பிறகு வண்டியை அப்பால் தள்ளிவிடுங்கள். வண்டி நிற்கும்போதே இரு சக்கரங்களுக்கிடையே நாடாவை இழுத்து அளக்கலாம் என்றால், ஏஸ் போன்ற வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே எஞ்சின் குறுக்கே நிற்கிறது. நாடா வளைந்துதான் போகும், வளைந்த நாடா உண்மை பேசாது. வண்டி அகன்றபின், வெறும் தரையில் நான்கு குறிகள் மட்டும் எஞ்சி நிற்க, முன்குறிகளுக்கிடையே உள்ள தூரத்தையும் பின்குறிகளுக்கிடையே உள்ள தூரத்தையும் இரும்பு டேப்பால் நேராக, விறைப்பாக, நிதானமாக அளக்கலாம். முன்னது குறைவாயின், குறைந்த அளவே டோ இன். இருவர் தனித்தனியே அளந்து, ஒருவர் அளவை மற்றவருக்குச் சொல்லாமல் எழுதிப் பின்பு ஒப்பிடுவது நல்ல வழக்கம். டோவைப் பொறுத்தவரை, கம்ப்யூட்டர் யந்திரம் ஒளியின் துணையால் காண்பதையும், இந்த நான்கு குறிகள் காட்டுவதையும் வேறுபடுத்துவது பெரும்பாலும் வேகமும் சௌகரியமுமே. நிதானமாகச் செய்தால் ஒரு மில்லிமீட்டர் சுத்தம் கைக்கு அகப்படும்.

அளவு கையேட்டுக்குப் பொருந்தவில்லையெனில் டை ராடைத் திருகவேண்டும். அதன் முனைகளிலுள்ள லாக் நட்டுகளையோ கிளாம்புகளையோ தளர்த்திக்கொள்ளுங்கள். பல்லாண்டு சேறும் துருவும் ஏறியிருந்தால் முதல்நாள் இரவே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடுவது உபயோகம். பல வண்டிகளில் தண்டின் ஒரு முனையில் வலஞ்சுழி மரையும் மறுமுனையில் இடஞ்சுழி மரையும் இருப்பதால், தண்டை மட்டும் சுற்றினாலே நீளம் கூடவோ குறையவோ செய்யும். தண்டு அச்சுக்குப் பின்னால் இருக்குமானால், அதை நீட்டினால் சக்கரங்களின் பின்புறம் விலகி முன்புறம் நெருங்கும். அச்சுக்கு முன்னால் இருக்குமானால் விளைவு நேர்மாறு.

இங்கே அவசரம் ஆகாது. மரையின் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் என்றும், இரு முனைகளும் ஒருங்கே திருகுபவை என்றும் கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு நீளம் மூன்று மில்லிமீட்டர் மாறும். அந்தத் தண்டு பற்றியிருக்கும் கை பதினைந்து சென்டிமீட்டர் அளவே இருக்க, டயரின் விட்டம் ஐம்பத்துநான்காக இருப்பதால், மூன்று மில்லிமீட்டர் டயரில் பத்து மில்லிமீட்டருக்கும் மேலாகப் பெருகித் தோன்றும். ஆகவே கால் சுற்று, மறுபடி அளவு. அரைக்கால் சுற்று, மறுபடி அளவு என்று போவதே முறை. ஒவ்வொரு முறையும் வண்டியை முன்னோக்கித் தள்ளியபின்தான் அளக்கவேண்டும். தள்ள ஆளில்லாவிட்டால், இரண்டு உரச்சாக்குகளுக்கு நடுவே பழைய எஞ்சின் ஆயிலைத் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக டயரின் அடியில் வைத்தால், சக்கரம் தரையைப் பற்றாமல் வழுக்கித் தன் நிலையைத் தானே தேடிக்கொள்ளும். களத்தின் சிமெண்டில் ஆயில் சிந்தவிடாதீர்கள். மறுநாள் அங்கே காயப்போகிறது யாரோ ஒருவர் வீட்டுத் தானியம்.

அளவு வந்தபின் லாக் நட்டுகளை இறுக்கி, இறுக்கும்போது தண்டு சுழன்றுவிடவில்லை என்பதை உறுதிசெய்ய மீண்டும் ஒருமுறை அளக்கவேண்டும். இறுக்குகையில் ஒரு மில்லிமீட்டர் நழுவுவது சாதாரணம். இரு எண்டுகளிலும் போதுமான மரை உள்ளே பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்டைக் கழற்ற நேர்ந்திருந்தால், அதன் நட்டைப் பூட்டும் காட்டர் பின்னை மறுபடி பயன்படுத்தாமல் புதியது போடவேண்டும். அதன் விலை அற்பம், அது காப்பது உயிர். மரை துருப்பிடித்துச் சுற்ற மறுத்தாலோ, கிங் பின் ஆடினாலோ, அச்சு வளைந்திருந்தாலோ, அங்கே நம் வேலை நின்றுவிடுகிறது. சூடாக்கியும் சம்மட்டியால் அடித்தும் நிமிர்த்தப் பார்ப்பது ஸ்டியரிங் பாகங்களில் மிகக் கொடிய தவறு.

பின்பு பாரமில்லாத வண்டியைக் கூட்டமில்லாத நேர்ச்சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வண்டி நேராகப் போகிறது, ஆனால் ஸ்டியரிங் வளையம் கோணி நிற்கிறது என்றால், டை ராடில் கை வைக்கவேண்டாம்; ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு வரும் டிராக் லிங்க் என்னும் மற்றொரு தண்டின் நீளத்தைச் சிறிது மாற்றினால், டோ மாறாமலே வளையம் நேராகிவிடும். பிரேக் பிடிக்கையில் ஒரு பக்கம் இழுத்தால் அதைப் பிரேக்கிலே தேடவேண்டும். அன்றைய அளவை நாளோடும் கிலோமீட்டர் கணக்கோடும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, சில நூறு கிலோமீட்டர் பாரத்தோடு ஓடியபின் அதே களத்தில், அதே காற்றழுத்தத்தில், மீண்டும் அளந்து ஒப்பிடுங்கள். அளவு அப்படியே நின்றால் வேலை முடிந்தது, மாறியிருந்தால் ஏதோ ஓர் இணைப்பு இன்னும் தளர்ந்திருக்கிறது.